கிளம்பும் தேதியிலிருந்து கணக்குப் போடுங்கள்: ஓய்வூதியத்தை வைத்து வெளிநாட்டில் மாதக்கணக்கில் தங்குவது எப்படி

மாதாமாதம் ஒரே தொகை வருகிறது. அதை வைத்துக்கொண்டு மூன்று மாதமோ ஆறு மாதமோ வேறொரு நாட்டில் தங்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் தேடுவது வாடகை எவ்வளவு என்பதை. அது கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் முடிவாக வேண்டியது அந்த நாட்டை விட்டுக் கிளம்பும் தேதி. சுற்றுலா விசாவில் குடியிருக்கும் உரிமை கிடைக்காது. எண்ணிக் கொடுத்த நாட்கள்தான் கிடைக்கும். வாடகைக்கு எத்தனை மாதம் பேசுவது, மருந்து எத்தனை நாளுக்கு எடுத்துப்போவது, காப்பீடு எதுவரை, வரி எங்கே என்று எல்லாமே அந்தக் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி வர வேண்டியவை.

விசாவின் ஆயுள் வேறு, தங்கும் நாள் வேறு

அதிகம் பேர் இடறி விழும் இடம் இது. பல நாடுகளில், விசாவில் இருக்கும் கடைசித் தேதி, அதற்குள் உள்ளே நுழையலாம் என்பதை மட்டுமே சொல்கிறது. நுழைந்தபின் எத்தனை நாள் இருக்கலாம் என்பது தனிக் கணக்கு. அமெரிக்காவின் சுற்றுலா விசா பத்து ஆண்டுக்குச் செல்லுபடியாகலாம். ஆனால் எதுவரை தங்கலாம் என்பதை உள்ளே நுழையும்போது பதியப்படும் ஐ-94 என்ற வருகைப் பதிவில் இருக்கும் தேதிதான் தீர்மானிக்கிறது. மெக்சிகோவில் சுற்றுலாப் பயணிக்கு அதிகபட்சம் 180 நாள் என்பது விதி. ஆனால் எத்தனை நாள் என்று எழுதிக் கொடுப்பவர் கவுன்ட்டரில் இருக்கும் அதிகாரி. அவர் 30 என்று எழுதிவிட்டால் 30தான். உள்ளே போனபின் அதை நீட்டிக்க வழி கிடையாது. ஆகவே பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று முத்திரையைப் பாருங்கள். தேதி தவறாகவோ நாள் குறைவாகவோ இருந்தால், திரும்பும் டிக்கெட்டையும் தங்குமிடப் பதிவையும் காட்டிப் பணிவாகக் கேட்க அந்த ஒரு நிமிடம்தான் வாய்ப்பு.

முப்பது நாள் என்பது ஒரு மாதம் அல்ல. 31 நாள் உள்ள மாதத்தில், அடுத்த மாதம் அதே தேதியில் கிளம்பினால் கணக்கு மீறியிருக்கும். பல நாடுகளில் இறங்கும் நாளே முதல் நாள். இரவு 11.40க்கு இறங்கினாலும் அந்த நாள் போய்விட்டது.

தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் ஒரே விசாவில் இயங்கும் ஐரோப்பிய நாடுகளுக்கு ஷெங்கன் நாடுகள் என்று பெயர். அவற்றின் கணக்கு இன்னும் நுணுக்கமானது. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. நுழையும் நாள், வெளியேறும் நாள் இரண்டும் சேரும். மார்ச் 1 நுழைந்து மே 29 வரை இருந்தால் சரியாக 90 நாள். திரும்ப உள்ளே வரக்கூடிய முதல் நாள் ஆகஸ்ட் 28. அதன்பின் பழைய நாட்கள் தினம் ஒன்றாகக் கழிந்துகொண்டே வருவதால், மீண்டும் 90 நாள் தொடர்ந்து இருக்கலாம். ஆனால் அதே 90 நாளை இரண்டாகப் பிரித்தவர் நிலை வேறு. மார்ச் 1 முதல் 30 வரை 30 நாள், பிறகு மே 20 முதல் ஜூலை 18 வரை 60 நாள் இருந்தவர் ஆகஸ்ட் 28 திரும்பி வந்தால், 30 நாள் மட்டுமே இருக்க முடியும். செப்டம்பர் 26 கடைசி. ஒரு நாள் வெளியே போய்வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையதளத்தில் இதற்கென்றே கணிப்பான் இருக்கிறது. டிக்கெட் வாங்கும் முன் தேதிகளை அதில் போட்டுப் பாருங்கள்.

நாட்டுக்கு நாடு விதி மாறும். அதே நாட்டில் உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்தும் மாறும். ஜார்ஜியா பல நாட்டவரை விசா இல்லாமல் ஓராண்டு வரை இருக்க விடுகிறது. அந்தப் பட்டியலில் உங்கள் நாடு இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. வியட்நாம் 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் மின்விசா தருகிறது. நேபாளத்தில் ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 150 நாள்தான் சுற்றுலா விசா. டிசம்பர், ஜனவரியைச் சேர்த்துத் திட்டமிடுபவர்களுக்கு ஆண்டு மாறுவது உதவும். நீண்ட காலம் தங்க நினைப்பவர்களுக்குச் சுற்றுலாத் தகுதியிலேயே மிகத் தாராளமான நாடுகளில் ஒன்று பிலிப்பைன்ஸ். உள்ளே இருந்தபடியே நீட்டித்து நீட்டித்து, பாஸ்போர்ட்டைப் பொறுத்து இரண்டு அல்லது மூன்று ஆண்டு வரை இருக்கலாம். 59 நாளைத் தாண்டினால் வெளிநாட்டவர் அடையாள அட்டை எடுக்க வேண்டும். ஆறு மாதமோ அதற்கு மேலோ தங்கியவர் கிளம்பும்முன் வெளியேறும் அனுமதிச் சான்று வாங்க வேண்டும். அது இல்லாமல் விமான நிலையம் போனால் விமானத்தை விட நேரிடும்.

நீட்டிப்புக்குக் கடைசி நாள் போகாதீர்கள். அந்த நாள் அரசு விடுமுறையாக இருக்கும், இல்லையென்றால் ஒரு தாள் குறையும். ஏழு முதல் பத்து நாள் முன்னதாகப் போவது நல்லது. தாய்லாந்தில் சுற்றுலாத் தங்கலை 30 நாள் நீட்டிக்கக் கட்டணம் 1,900 பாட். அங்கே நீட்டிப்பு தடைபடுவதற்கு ஒரு பொதுவான காரணம் பணமோ படமோ அல்ல. வெளிநாட்டவர் தங்குவதை வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்; டிஎம்30 என்று அதற்குப் பெயர். வீட்டுக்காரர் அதைச் செய்யாமல் விட்டிருப்பார், கவுன்ட்டரில் நிற்கும்போதுதான் உங்களுக்கே தெரியவரும். சாவி வாங்கும் அன்றே அதைப் பதிவு செய்யச் சொல்லி, ரசீதின் படத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நாள் மீறினால் தாய்லாந்தில் ஒரு நாளைக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. இந்தோனேசியாவில் ஒரு நாளைக்கு 10 லட்சம் ரூபியா. 60 நாளைத் தாண்டினால் நாடுகடத்தலும் மீண்டும் வரத் தடையும். அபராதத்தைக் கட்டிவிடலாம், மீறினார் என்ற பதிவு நிற்கும். பின்னால் வேறொரு நாட்டின் விசா விண்ணப்பத்தில் ‘எங்காவது அனுமதித்த காலத்தை மீறித் தங்கினீர்களா’ என்ற கேள்விக்கு உண்மையைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

எல்லை தாண்டிப் போய் அன்றே திரும்பி வந்து புது முத்திரை வாங்குவதைச் சிலர் வருடக்கணக்கில் செய்கிறார்கள். அதை அடித்தளமாக வைத்து வீடு பிடிக்காதீர்கள். இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ, ‘நீங்கள் சுற்றிப் பார்ப்பவர் இல்லை, இங்கேயே வசிப்பவர்’ என்று அதிகாரி நினைத்தால் உள்ளே விடாமல் இருக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அப்போது உங்கள் துணிமணியும் மருந்தும் முன்பணமும் அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம்.

திரும்பும் டிக்கெட்டை எல்லைக்கு முன்பே விமான நிறுவனம் கேட்கும். அவர்கள் டைமாட்டிக் என்ற தகவல் தளத்தைப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். மூன்றாம் நாட்டுக்கான டிக்கெட்டும் பெரும்பாலும் போதும். பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் வாங்குங்கள். போலிப் பதிவு தயாரித்துத் தருபவர்களிடம் போக வேண்டாம். பாஸ்போர்ட் பல நாடுகளில் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஷெங்கனில் வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதம்; அதோடு பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

100 வந்தால் 80க்குத் திட்டம்

நிலையான வருமானம் என்பது உங்கள் நாட்டு நாணயத்தில்தான் நிலையானது. தங்கும் நாட்டு நாணயத்தில் அது ஒவ்வொரு மாதமும் வேறு தொகை. ஆகவே வரி, வங்கிக் கட்டணம் எல்லாம் கழித்துக் கையில் வருவதை அந்த நாட்டு நாணயத்துக்கு மாற்றி, அதில் 80 சதவீதத்துக்குள் வாடகை, சாப்பாடு, மின்சாரம், போக்குவரத்து, மருந்து, நீட்டிப்புக் கட்டணம் அனைத்தும் அடங்குகிறதா பாருங்கள். அடங்கவில்லை என்றால் வேறு ஊர், அல்லது குறைந்த நாட்கள். இதில் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது. நாணய மதிப்பு பத்து சதவீதம் சரிந்த மாதத்தில் பல் வலியும் சேர்ந்து வந்தால் அந்த 20தான் காப்பாற்றும். இதைத் தவிர மூன்று மாதச் செலவும் ஒரு திரும்பும் டிக்கெட் விலையும் தொடாத கணக்கில் இருக்கட்டும்.

ஏடிஎம்மில் எடுக்கும்போது பல இயந்திரங்கள் ஒவ்வொரு முறைக்கும் நிலையான கட்டணம் பிடிக்கின்றன. கட்டணம் 5 என்றால், 100 எடுப்பவருக்கு 5 சதவீதம் போகிறது. 400 எடுப்பவருக்கு 1.25 சதவீதம்தான். மாதம் ஒருமுறையோ இருமுறையோ பெரிய தொகையாக எடுங்கள். திரையில் ‘உங்கள் நாட்டு நாணயத்தில் கழிக்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். தொகை தெளிவாகத் தெரிகிறதே என்று ஒப்புக்கொள்பவர்கள் அந்த இயந்திரக்காரர் வைத்த மோசமான மாற்று விலையில் இழக்கிறார்கள். கடையில் அட்டை தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், இதே பதில்தான்.

வெவ்வேறு வங்கிகளின் இரண்டு அட்டைகள் வேண்டும்; ஒன்று பர்ஸில், மற்றது அறையில். சொந்த நாட்டு சிம் உயிரோடு இருப்பது அட்டையைவிட முக்கியம். ஓடிபி வராத ஒரே காரணத்தால், கணக்கில் பணம் இருந்தும் எடுக்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ரோமிங்கில் குறுஞ்செய்தி வருமா, எத்தனை நாள் ரீசார்ஜ் செய்யாவிட்டால் எண் போகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓய்வூதியம் தருபவர்கள் ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று கேட்பது வழக்கம். அந்த மாதம் எங்கே இருப்பீர்கள், இணையத்தில் கொடுக்க முடியுமா, தூதரகத்தில் கையெழுத்து வாங்க வேண்டுமா என்பதைக் காலண்டரில் குறியுங்கள். வெளிநாட்டில் வசிப்பதால் தொகையே மாறும் இடங்களும் உண்டு. பிரிட்டன் அரசு ஓய்வூதியம், கனடா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து போன்ற நாடுகளில் குடியிருப்போருக்கு ஆண்டு உயர்வு இல்லாமல் உறைந்து நிற்கிறது.

வீடு

முதல் ஏழு முதல் பத்து நாளுக்கு மட்டும் அறை பதிவு செய்யுங்கள். மாத வாடகை வீட்டை நேரில் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்: இரவில் ஒருமுறை, பகலில் ஒருமுறை. மின்சாரம் யூனிட்டுக்கு என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். அரசு விலையைவிட அதிகம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். சாவி வாங்கும்போது மீட்டர் எண், சுவர்க் கறை, உடைந்த கைப்பிடி எல்லாவற்றையும் காணொளி எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பினால், முன்பணத்தைத் திரும்பக் கேட்கும்போது பேச்சு சுருக்கமாக முடியும். ஒப்பந்தக் காலம் உங்கள் முத்திரைத் தேதியைத் தாண்டக் கூடாது.

உடல்நலம்

பயணக் காப்பீட்டுப் பத்திரத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: ஒரே பயணம் அதிகபட்சம் எத்தனை நாள், ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன விதி, வயது வரம்பு. ஆண்டு முழுவதற்கும் என்று விற்கப்படும் பல திட்டங்களில் ஒரு பயணத்துக்கு 30 அல்லது 60 நாள்தான் காப்பு. 61ஆம் நாள் விழுந்தால் பணம் வராது. இரத்த அழுத்தத்தையோ சர்க்கரையையோ மறைத்து வாங்கிய பத்திரம், கோரும் நாளில் வெறும் தாள். ஸ்கூட்டர் ஓட்டப்போகிறவர், அந்த வகை வண்டிக்கான உரிமம் இல்லாவிட்டால் விபத்துக்கும் காப்பு கிடைக்காது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மருந்துகளை அவற்றின் அசல் பெட்டியில், மருத்துவர் சீட்டோடு, கைப்பையில் கொண்டுபோங்கள். சீட்டில் நிறுவனப் பெயர் மட்டும் போதாது. மூலப்பொருள் பெயர் இருந்தால்தான் அங்கே வேறு பெயரில் வாங்க முடியும். ஜப்பானில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட மருந்து கொண்டுபோக முன்னனுமதி வேண்டும். தூக்க மாத்திரை, கடும் வலி மாத்திரை, கவனக்குறைபாட்டு மருந்து எடுப்பவர்கள் எந்த நாடானாலும் தூதரகத்தின் பட்டியலைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். சில இடங்களில் அது சிறைக்குப் போகும் குற்றம்.

வரியும் வேலையும்

ஓர் ஆண்டில் 183 நாள் தங்கினால் பல நாடுகள் உங்களைத் தங்களுக்கு வரி கட்ட வேண்டிய குடியிருப்பாளராகக் கொள்ளும். தாய்லாந்தில் 180 நாள். 2024 ஜனவரியிலிருந்து அப்படிப்பட்டவர் நாட்டுக்குள் கொண்டுவரும் வெளிநாட்டு வருமானமும் வரிக்கு உட்படுகிறது. விசா அனுமதிப்பதும் வரித்துறை எண்ணுவதும் வெவ்வேறு கணக்கு. இரு நாட்டுக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறதா, அதில் ஓய்வூதியம் பற்றிய பிரிவு என்ன சொல்கிறது என்பதைப் படியுங்கள். சந்தேகமானால் 175 நாளில் கிளம்பிவிடுவதே எளிது.

பணம் குறைகிறதே என்று அங்கே சின்ன வேலை பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். தங்கும் விடுதியில் இலவச அறைக்குப் பதிலாக வரவேற்பு மேசையில் உட்காருவதும் பல நாடுகளில் வேலைதான்.

கிளம்பும் தேதியைக் கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்னதாக வையுங்கள். புயலோ ரத்தான விமானமோ காய்ச்சலோ அந்த மூன்று நாளுக்குள் அடங்கும். ஒவ்வொரு நுழைவு முத்திரையையும் வெளியேறும் முத்திரையையும் படமெடுத்துத் தேதியோடு சேமியுங்கள். ஷெங்கனில் 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாக விரல்ரேகையும் முகப்படமும் பதியும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. முத்திரை விழாத இடங்களில் விமானத்தில் ஏறத் தரும் சீட்டையே (போர்டிங் பாஸ்) எடுத்துவையுங்கள். கணினிப் பதிவில் பிழை வந்தால், என்று வெளியேறினீர்கள் என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சான்று அதுதான்.