பாதி தாண்டியதும் மறைந்த மில் கொட்டகை

ஓப்பன்பிவிஈ என்ற ரயில் ஓட்டும் கணினி விளையாட்டில் நான் உருவாக்கும் பல்லடம்–காங்கேயம்–தாராபுரம் கற்பனைத் தடம். காங்கேயத்தில் வைத்த அரிசி மில்லின் 60 மீட்டர் கொட்டகை, இன்ஜின் பாதி தாண்டும்போதே காணாமல் போனது. பனைமரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்வைத் தூரத்தைக் கூட்டினேன், பயனில்லை. சுவர் இருபக்கமும் தெரிய, கொட்டகையின் கோப்பில் ஆட்ஃபேஸ்2 என்ற கட்டளை போட்டேன், அதுவும் வீண்.

கோளாறு 25 மீட்டர் பிளாக்கில், அதாவது தடத்தை விளையாட்டு பிரித்துக்கொள்ளும் துண்டில். இயல்பு அமைப்பில், பொருளை நட்ட பிளாக்கின் முடிவைத் தாண்டியதும் அது மறைந்துவிடும். பொருளின் நீளம் கணக்கிலேயே வராது. மரம் அளவுக்குச் சின்னப் பொருளில் இது கண்ணில் படாது, அதனால்தான் இத்தனை நாள் இழுத்தது.

தடத்தை விவரிக்கும் ரூட் கோப்பின் தலையில், மற்ற கட்டளைகளுக்கு முன்னால், ஆப்ஷன்ஸ்.ஆப்ஜெக்ட்விசிபிலிட்டி 1 சேர்த்தேன். இப்போது கொட்டகையின் கடைசி முனை தாண்டிய பிறகே மறைகிறது. அப்பாடா! ஒன்று கவனியுங்கள்: தடம் தொடங்கும் புள்ளிக்குப் பின்னால் தரை தெரியாமல் போகலாம். முதல் ஸ்டேஷனை 0-வில் வைக்காமல் 200 மீட்டர் தள்ளி வையுங்கள்.