வாட்டர் பம்பை ஒப்பிடும்போது மலையகத்தில் நாம் விடும் தவறுகள்

வண்டியின் எஞ்சின் சூடேறாமல் உள்ளே தண்ணீரைச் சுற்றவிடுவது வாட்டர் பம்ப். ஹட்டன் பக்கம் கராஜில் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்: "டொயோட்டா பம்ப்தான் பம்ப், ஹோண்டா பம்ப் சீக்கிரம் போயிரும்." கம்பனிப் பெயரை வைத்துத் தீர்ப்புச் சொல்வதுதான் முதல் தவறு. டொயோட்டாவையே எடுங்கள். பழைய 3எஸ் எஞ்சினில் பம்பைச் சுற்றுவது, வால்வுகளை நேரத்துக்குத் திறக்கவைக்கும் டைமிங் பெல்ட். விட்ஸில் வந்த 1என்இசட் எஞ்சினில் வெளியே தெரியும் பெல்ட். அக்வாவில் பெல்ட்டே கிடையாது, மின்மோட்டார்தான். பம்பை எது சுற்றுகிறது என்று பார்க்காமல் ஒப்பிட்டுப் பயனில்லை.

செலவும் அதில்தான் இருக்கிறது. வெளிப் பெல்ட் என்றால் கசிவு கண்ணில் படும், கழற்றுவதும் லேசு. ஹோண்டாவின் பழைய சிவிக்கில் வந்த டி15பி எஞ்சினில் பம்ப் டைமிங் பெல்ட்டின் மூடிக்குள் இருக்கிறது. தொடுவதற்கே முன்பக்கத்தைப் பிரிக்க வேண்டும். அங்கே பெல்ட்டை மட்டும் மாற்றிப் பழைய பம்பை விட்டுவைக்காதீர்கள். பிறகு பம்ப் இறுகினால் புதுப் பெல்ட்டும் போகும், அதோடு எஞ்சினும் போகலாம். நிசானின் விக்யூ35 இன்னும் ஆழம், டைமிங் செயினே பம்பைச் சுற்றுகிறது.

பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் விசிறி பிளாஸ்டிக் என்றாலே மட்டம் என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நன்றாக வளைத்து வார்த்த பிளாஸ்டிக் இதழ், தகட்டில் வெட்டிய தட்டை இதழைவிட நன்றாகவே தண்ணீரைத் தள்ளும், துருவும் பிடிக்காது. தண்டோடு இறுக்கமாகப் பொருந்தியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய தவறு ஒன்று உண்டு. றம்பொடை ஏற்றத்தில் சூடேறினால் உடனே பம்பைத் திட்டுகிறோம். பெல்ட்டில் ஓடும் பம்ப் எஞ்சின் சுற்றும் வேகத்தில்தான் சுற்றும், வண்டி ஓடும் வேகத்தில் அல்ல. பாரத்தோடு பெரிய கியரில் எஞ்சினை முக்கவைத்து ஏறினால் சூடு கூடும், பம்போ மெதுவாகத்தான் சுற்றும். செகண்ட் கியருக்கு இறங்கிப் பாருங்கள், தண்ணீர் ஓட்டம் கூடும். மின்மோட்டார் பம்புக்கு இந்தக் கணக்கு இல்லை. அதன் வேகத்தைக் கணினி தீர்மானிக்கிறது. ஆகவே ஒரே ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்து இரண்டு வண்டிகளின் பம்பை எடைபோடுவது சரியாகாது.

உயரத்தையும் மறக்கிறோம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் எஞ்சினுக்குள் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் பம்ப் தண்ணீரை உறிஞ்சும் பக்கத்தில் குமிழ்கள் உண்டாகி இதழை அரித்துவிடும். மூடியின் விலையில் தீர்ந்திருக்க வேண்டிய கோளாறுக்குப் புதுப் பம்ப் வாங்கியவர்களைப் பார்த்து எனக்கு மனம் கஷ்டப்பட்டிருக்கிறது.

வழியில் பீலித் தண்ணீரை ஊற்றுவது அவசரத்துக்குச் சரி. அதையே மாதக்கணக்கில் விட்டால் உள்ளே துருப்பிடிக்கும், பம்பில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீலும் தேயும். அப்படிப் போன பம்பையும் கம்பனியின் கணக்கில்தான் எழுதுகிறோம். எஞ்சினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்டின் நிறத்தைப் பார்த்துக் கலப்பதும் வேண்டாம். டொயோட்டாவின் இளஞ்சிவப்பும் ஹோண்டாவின் நீலமும் அந்தந்தக் கம்பனியின் சாயம், தரத்தின் அடையாளமல்ல.

அப்புறம் பம்பின் அடியில் இருக்கும் சின்னத் துளை. அதில் கூலன்ட் காய்ந்த தடம் தெரிந்தால் சீல் தேயத் தொடங்கிவிட்டது. சிலர் அதைப் பசை வைத்து அடைக்கிறார்கள். அடைத்தால் தண்ணீர் தண்டைத் தாங்கும் பெயாரிங் பக்கம் போய்விடும்.