நியூ ஃபாரஸ்ட்டில் புல் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தின் தென்பகுதியில், சவுத்தாம்ப்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறது நியூ ஃபாரஸ்ட். பெயரில்தான் புதுசு; முதலாம் வில்லியம் மன்னர் வேட்டைக்கென்று ஒதுக்கி 900 வருடங்களுக்கு மேல் ஆகிறது. காடு என்பதும் பாதி உண்மைதான். ஓக், பீச் மரக்காடுகளை ஒட்டி ஹீத் என்கிற திறந்தவெளி பரந்து கிடக்கிறது. சத்தில்லாத அமில மண், அதன்மேல் ஹீதர் புதர்கள். ஆகஸ்டில் அந்த ஊதாப் பூவைப் பார்க்க வருகிறவர்கள் காலடியில் இருக்கும் புல்லைப் பார்ப்பதில்லை. பார்க்க ஆரம்பித்தவர்களும் அநேகமாக ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

ஒல்லியாக நீண்டிருப்பதையெல்லாம் புல் என்று நினைப்பது முதல் சறுக்கல். சதுப்பில் வெள்ளைப் பஞ்சு தலையாட்டும் காட்டன்கிராஸும், ஈர ஹீத்தில் வளரும் டீர்கிராஸும் பெயரில்தான் கிராஸ். உண்மையில் கோரைக் குடும்பம். கோரைப்பாயில் படுத்து வளர்ந்த நமக்கு இந்த வித்தியாசம் புதிதல்ல. தண்டை விரல்களுக்கிடையில் உருட்டினால் பல கோரைகளில் மூன்று விளிம்பு தட்டுப்படும். ஆனால் இதை மட்டும் நம்பினால் டீர்கிராஸ் ஏமாற்றிவிடும், அதன் தண்டு உருண்டை. அதனால் கணுவையும் தேடுங்கள். புல்லின் தண்டில் கணு புடைத்துத் தெரியும். இதற்கும் ஒரு குறும்புக்கார விதிவிலக்கு உண்டு: பர்ப்பிள் மூர்-கிராஸ். அதன் கணுக்கள் அடியிலேயே அடங்கிவிடும், மேலே தண்டு ஒரே வழவழப்பு. அந்தக் காலத்தில் புகையிலை பிடிக்கும் குழாயைக் குத்திச் சுத்தம் செய்ய அந்தத் தண்டைத்தான் எடுத்தார்களாம்.

இரண்டாவதுதான் பெரிய தவறு: கதிரையே உற்றுப் பார்த்துக்கொண்டு, நிற்கும் தரையை மறந்துவிடுவது. என்னைக் கேட்டால் பெயரில் பாதியைத் தரையே சொல்லிவிடும். கால் சொதசொதவென்று புதைகிற பள்ளத்தில் குத்துக் குத்தாக இருந்தால் முதலில் மூர்-கிராஸைச் சந்தேகப்படுங்கள். நாலடி மேடேறி மண் காய்ந்ததும், முள்ளம்பன்றி மாதிரி சாம்பல்பச்சைக் குத்துகளாக பிரிஸ்டில் பென்ட் என்கிற புல் வரும். பிரிட்டனில் இது தெற்கிலும் தென்மேற்கிலும்தான் வளர்கிறது. ஹீத்தை எரித்துவிட்ட இடங்களில் சீக்கிரமே தழைத்துவிடும்.

மரநிழலுக்குள் போனால் கணக்கே வேறு. ஹேர்-கிராஸ் என்று இரண்டு உண்டு, பெயரைப் பார்த்துக் குழம்பாதவர்கள் குறைவு. வேவி ஹேர்-கிராஸ் காய்ந்த அமில மண்ணுக்குரியது. இலை நூல் மாதிரி, காட்டுக்குள்ளும் ஹீத்திலும் இரண்டிலும் இருக்கும். டஃப்டட் ஹேர்-கிராஸ் ஈரக் களிமண்ணைத் தேடும். அதன் இலையை மேலிருந்து கீழாக உருவிப் பார்க்காதீர்கள், விரல் கீறிவிடும். வுட் மெலிக் புல்லை நிழலான கரைகளில் தேடலாம். மெல்லிய காம்புகளில் அரிசிமணி தொங்கவிட்ட மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூ.

சரி, கதிரே இல்லையென்றால்? இலை தண்டைவிட்டுப் பிரியும் இடத்தை விரித்துப் பாருங்கள். பல புற்களில் அங்கே சின்ன நாக்கு மாதிரி ஒரு சவ்வு இருக்கும். மூர்-கிராஸிலும் ஹீத்-கிராஸிலும் சவ்வுக்குப் பதில் ரோம வரிசை, நம் அருகம்புல்லில் இருப்பது போலவே. உடம்பெல்லாம் வெல்வெட்டாக, தண்டைச் சுற்றியிருக்கும் இலையின் அடியுறையில் இளஞ்சிவப்புக் கோடுகளோடு இருந்தால் யார்க்‌ஷயர் ஃபாக். கணுவில் மட்டும் ரோமம் என்றால் அதன் காட்டுத் தம்பி, கிரீப்பிங் சாஃப்ட்-கிராஸ்.

குளிர்காலத்தில் மூர்-கிராஸ் வைக்கோல் நிறமாகக் கிடப்பதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று எழுதிவைப்பவர்களும் உண்டு. அது வருடாவருடம் இலையுதிர்க்கும் புல். அந்தக் காய்ந்த இலைதான் வசந்தத்தில் தீ பரவ வழி செய்கிறது. பார்பெக்யூ அடுப்பையெல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, வேரோடு பிடுங்குவது. பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி நில உரிமையாளரின் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச்செடியையும் பிடுங்கக் கூடாது. புல்லுக்கும் இது பொருந்தும். படம் எடுப்பவர்கள் கதிரை மட்டும் எடுக்காமல் அந்தச் சவ்வு இருக்கும் இடத்தையும் சுற்றியிருக்கும் தரையையும் சேர்த்து எடுங்கள். மார்ச் முதல் ஜூலை வரை பாதையைவிட்டு இறங்காமலே எடுங்கள். வுட்லார்க், நைட்ஜார் போன்ற பறவைகள் தரையில் கூடு வைத்திருக்கும் நேரம் அது.

கிராமத்து ஓரங்களில் கத்தரித்த மாதிரி இருக்கும் புல்தரையைப் பார்த்து யாரோ இயந்திரம் ஓட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். மேய்ச்சலுரிமை உள்ளவர்களின் மட்டக்குதிரைகளும் மாடுகளும் மேய்ந்து மேய்ந்து ஆனது அது. கதிர் தலைநீட்டவே விடமாட்டா. அங்கே மண்டியிட்டு, லென்ஸை வைத்து இலையடியைத்தான் பார்க்க வேண்டும்.