பழைய பிக்கப்பில் பெட்ரோல் அழுத்தம்: கார்புரேட்டரைத் திருகும் முன் கேஜை மாட்டுங்கள்

வண்டியை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்தால் திணறுகிறது. பானட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை முகத்தில் அடிக்கிறது. உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருகத் தோன்றும். என் 1978 செவ்ரோலே சி10-க்கும் பல வாரம் அதைத்தான் செய்தேன். குற்றம் கார்புரேட்டரில் இல்லை. புதிதாக வாங்கி மாட்டிய பம்பு 9 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 9 பவுண்டு) அழுத்தத்தில் தள்ளிக்கொண்டிருந்தது.

என் வண்டியில் இருப்பது 350 வி8 இன்ஜினும் எடல்பிராக் 1406 கார்புரேட்டரும். இந்தக் கார்புரேட்டருக்கு 6.5 பிஎஸ்ஐதான் உச்சவரம்பு, 5.5 இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் போனால், கார்புரேட்டருக்குள் இருக்கும் ஃப்ளோட் (மிதவை) எவ்வளவு மிதந்தாலும், அது மூடும் நீடில் வால்வால் பெட்ரோலைத் தடுக்க முடியாது. உங்களுடையது வேறு கார்புரேட்டர் என்றால் அதற்கான அளவைப் பாருங்கள். வெபர் 32/36-க்கு 3.5-ஏ அதிகபட்சம்.

பம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். கேம்ஷாஃப்ட் ஒரு தண்டு வழியாக நெம்புகோலைத் தள்ளுகிறது; அது டயாஃப்ரம் என்ற நெகிழும் சவ்வை இழுத்து டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. ஆனால் பெட்ரோலை மேலே தள்ளுவது கேம் அல்ல, உள்ளே இருக்கும் ஸ்பிரிங். ஆக, அழுத்தத்தைத் தீர்மானிப்பது அந்த ஸ்பிரிங்கின் பலம்தான். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எத்தனை சுற்று சுற்றினாலும் அது மாறாது.

படி 1. இன்ஜின் முழுக்க ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். இதில் சமரசமே வேண்டாம். டேங்க் மூடியை ஒரு முறை திறந்து மூடினால் உள்ளே அடைபட்ட காற்று போய்விடும்.

படி 2. கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸில், நுழைவாய்க்குப் பக்கத்தில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு 0–15 பிஎஸ்ஐ கேஜை மாட்டுங்கள். ஹோஸ் பெட்ரோலுக்கென்றே செய்ததாக, எஸ்ஏஇ 30ஆர்7 என்று அச்சிட்டதாக இருக்கட்டும். பழைய ஹோஸை விரலால் மடித்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

படி 3. பேட்டரி வயரை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் வேலை கேஜைப் பார்ப்பது அல்ல, ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு சொட்டு தெரிந்தாலும் உடனே அணையுங்கள். கேஜ் முள் துடிக்கும். பம்பின் ஒவ்வொரு தள்ளலுக்கும் அது அசைவது இயல்பு. துடிப்பின் நடுவைப் படியுங்கள். திரவம் நிரப்பிய கேஜ் என்றால் சூட்டில் குறைத்துக் காட்டும். அதனால் இன்ஜின் பே சூடேறுவதற்குள் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அழுத்தம் குறைவாக இருந்தால் முதலில் ஃபில்டரை மாற்றுங்கள். பிறகு டேங்கிலிருந்து பம்பு வரையுள்ள ஹோஸைத் தடவிப் பாருங்கள். அங்கே வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் பலர் கண்ணில் அது படுவதில்லை. டிப்ஸ்டிக்கையும் முகருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். அந்த வண்டியை ஓட்டாதீர்கள், பம்பையும் ஆயிலையும் மாற்றுங்கள்.

அதிகமாக இருந்தால் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் வேண்டும். எக்ஸாஸ்டுக்குத் தள்ளி, அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்க்கும்படி மாட்டுங்கள். கேஜ் ரெகுலேட்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில்தான் வர வேண்டும். ஐடிலில் 5.5-க்கு வைத்து லாக்நட்டை இறுக்குங்கள். இன்ஜினைக் கொஞ்சம் முடுக்கியும் பாருங்கள், முள் சரியக் கூடாது.

இவ்வளவு செய்தும் சூடான இன்ஜின் மட்டும் திணறினால், அது வேறு கதை. அணைத்த இன்ஜினின் சூட்டில் குழாயில் அடைபட்ட பெட்ரோல் விரிந்து, நீடிலைத் தள்ளிக்கொண்டு, கார்புரேட்டருக்கு அடியில் இன்ஜினுக்குப் போகும் மேனிஃபோல்டுக்குள் வடிகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் சீக்கிரம் ஆவியாவதால் தொல்லை இன்னும் கூடும். மூன்று வாய் உள்ள ஃபில்டரை ரெகுலேட்டருக்கும் கார்புரேட்டருக்கும் இடையில், சிறிய வாய் மேலே பார்க்கும்படி வைத்து, அதிலிருந்து டேங்குக்கு ஒரு ரிட்டர்ன் லைன் இழுங்கள். பிறகு கேஜை ஒரு முறை சரிபாருங்கள். அடைபட்ட பெட்ரோலும் ஆவியும் டேங்குக்கே திரும்பிவிடும். அந்த லைனைப் போட்டதிலிருந்து, உச்சி வெயிலில் நிறுத்தி எடுத்தாலும் என் சி10 முதல் சாவியிலேயே எழுந்துவிடுகிறது.