எல்லா இயங்குதளங்களிலும் ஒரே ஹாஷ்: கோப்பை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

விண்டோஸ் கணினியில் இருந்த ஒரு கோப்பை லினக்ஸுக்கோ மேக்குக்கோ நகலெடுத்தால் அதன் பெயரும் தேதியும் அனுமதிகளும் மாறக்கூடும். உள்ளே இருக்கும் பைட்டுகள் மட்டும் மாறுவதில்லை. ஆகவே பல இயங்குதளங்களில் ஓடும் நிரல் ஒரு கோப்பை அடையாளம் காண வேண்டுமானால், அந்தப் பைட்டுகளிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் மதிப்பையே, அதாவது கோப்பின் கைரேகை போன்ற நிலையான நீளமுள்ள ஓர் எண்ணையே, நம்ப வேண்டும். ஹாஷ் வழிமுறைகளின் வரையறை எங்கும் ஒன்றுதான். இரண்டு கணினிகளில் இரண்டு விடைகள் வந்தால், பிழை பெரும்பாலும் வழிமுறைக்குள் எந்தப் பைட்டுகள் போயின என்பதிலோ, வந்த விடையை எப்படி எழுதினோம் என்பதிலோ இருக்கும்.

முதலில் வழிமுறையைத் தேர்ந்தெடுப்போம். சிஆர்சி-32 என்ற வழிமுறை தரும் மதிப்பு வெறும் 32 பிட் கொண்டது. ஏறக்குறைய 77,000 வெவ்வேறு கோப்புகள் சேர்ந்தாலே அவற்றில் ஏதேனும் இரண்டுக்கு ஒரே மதிப்பு அமைவதற்கான வாய்ப்பு பாதியை எட்டிவிடும். எம்டி5 வழிமுறையில் மோதல்களை (வெவ்வேறு உள்ளடக்கத்துக்கு ஒரே மதிப்பு அமைவதை) உண்டாக்க முடியும் என்பது 2004-இலேயே காட்டப்பட்டது. 2017-இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் ஒரே ஷா-1 மதிப்பைக் கொண்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. புதிதாக எழுதும் நிரலுக்கு ஷா-256 போதுமானது, எல்லா மொழிகளிலும் எளிதில் கிடைப்பது. வேகமே முதன்மை என்றால் 2020-இல் வந்த பிளேக்3 வழிமுறையைக் கருதலாம். ஆனால் அதற்குத் தனி நூலகம் தேவைப்படும். பைத்தானில் உள்ளமைந்த ஹாஷ் என்ற செயற்கூற்றை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. சரங்களுக்கும் பைட்டுகளுக்கும் அது தரும் மதிப்பு, நிரல் ஓடும் ஒவ்வொரு முறையும் மாறும்படி வேண்டுமென்றே அமைக்கப்பட்டுள்ளது. ஹாஷ்லிப் தொகுதியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது கோப்பைத் திறக்கும் முறை. கோப்பை எப்போதும் பைனரி முறையில்தான் (பைட்டுகளை அப்படியே படிக்கும் முறை) திறக்க வேண்டும். விண்டோஸில் சி மொழி நிரல் ஒரு கோப்பை உரை முறையில் திறந்தால், வரி முடிவில் உள்ள 13, 10 என்ற இரண்டு பைட்டுகள் 10 என்ற ஒரே பைட்டாகச் சுருங்கிவிடும். அதோடு, 26 என்ற பைட் எதிர்ப்பட்டால் கோப்பு அங்கேயே முடிந்துவிட்டதாகக் கொள்ளப்படும். அதே நிரல் லினக்ஸில் இந்த இரண்டையும் செய்யாது, ஆகவே விடைகள் வேறுபடும். கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றவும் கூடாது. 64 கிலோபைட் முதல் 1 மெகாபைட் வரையான துண்டுகளாகப் படித்து, ஒவ்வொரு துண்டையும் ஹாஷ் பொருளுக்கு வரிசையாகக் கொடுத்துவந்தால் போதும். துண்டின் அளவு விடையை மாற்றாது. பைத்தான் 3.11 முதல் ஃபைல்_டைஜஸ்ட் என்ற செயற்கூறு இந்த வேலையைத் தானே செய்துவிடுகிறது.

ஷா-256 தரும் விடை 32 பைட்டுகள். அதைப் பதினாறடிமான எண்ணாக (0 முதல் 9 வரையும், ஆங்கில ஏ முதல் எஃப் வரையும் இலக்கங்களாகக் கொண்டது) எழுதினால் 64 இலக்கங்கள் வர வேண்டும். ஜாவாவில் பைட் என்பது -128 முதல் 127 வரையான குறியுடைய எண் என்பதால், நேரடியாகப் பதினாறடிமானமாக மாற்றினால் எதிர்ம மதிப்புகளுக்கு முன்னால் தேவையற்ற இலக்கங்கள் சேரும், சிறிய மதிப்புகளுக்கு முன்னால் வர வேண்டிய சுழியோ விடுபடும். சி மொழியில் சார் என்ற எழுத்துத் தரவு வகைக்குக் குறி உண்டா இல்லையா என்பது செயலிக்கும் இயங்குதளத்துக்கும் ஏற்ப மாறும். குறியற்ற வகையென்று வெளிப்படையாக அறிவித்துவிடுவதே பாதுகாப்பு. விடையின் நீளம் 64 தானா என்று பார்க்கும் ஒரு சோதனை இத்தகைய பிழைகளைப் பெரும்பாலும் உடனே காட்டிக்கொடுக்கும்.

நிரலின் விடையை இயங்குதளத்தின் சொந்தக் கட்டளையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லினக்ஸில் ஷா256சம், மேக்கில் ஷாசம் (இதற்கு 256 என்று தனியாகக் குறிப்பிட வேண்டும், இல்லையெனில் ஷா-1 விடையே வரும்), விண்டோஸ் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ். பவர்ஷெல் விடையை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தரும், மற்ற இரண்டும் சிறிய எழுத்துகளில் தரும். ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிட வேண்டும். வெற்றுக் கோப்பின் ஷா-256 மதிப்பு ஈ3பி0சி442 என்று தொடங்கும். பெரிய கோப்புக்கும் இதே விடை வந்தால், நிரல் ஒரு பைட்டைக்கூடப் படிக்கவில்லை என்று பொருள்.

ஒரு கோப்புறை முழுவதற்கும் ஒரே அடையாளம் வேண்டுமானால் சிக்கல் கூடுகிறது. ஒவ்வொரு கோப்பின் சார்புப் பாதையையும் ஹாஷ் மதிப்பையும் ஒரு வரியாக எழுதி, அந்தப் பட்டியலை மீண்டும் ஹாஷ் செய்ய வேண்டும். இயங்குதளம் கோப்புகளைத் தரும் வரிசைக்கு உறுதி கிடையாது. பாதைகளை யுடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) பைட்டு வரிசைப்படி நாமே அடுக்க வேண்டும், பயனரின் மொழி அமைப்பைச் சார்ந்த அகர வரிசை உதவாது. பின்சாய்வுக் கோட்டை முன்சாய்வாகவும், வரி முடிவை 10 என்ற ஒரே பைட்டாகவும் எங்கும் வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் பெயரிட்ட கோப்புகளுக்கு இன்னும் ஒரு கவனம் தேவை, பொதுவான வழிகாட்டிகளில் இது அரிதாகவே சொல்லப்படுகிறது. ‘கோப்பு’ என்ற பெயரில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். முன்னது யுடிஎஃப்-8இல் 3 பைட்டுகள், பின்னது 6 பைட்டுகள்; திரையில் இரண்டும் ஒன்றே. பழைய மேக் கோப்பமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும், லினக்ஸ் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். ஆகவே பட்டியலில் எழுதும் முன் பெயர்களை எல்லாம் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் வடிவம்) மாற்ற வேண்டும். கோப்பின் உள்ளடக்கத்தில் மட்டும் இந்த மாற்றத்தைச் செய்யவே கூடாது. அங்கே கைவைத்தால் வேறொரு கோப்பின் மதிப்பையே கணக்கிடுகிறோம்.

இவற்றைச் சோதிக்க, வெற்றுக் கோப்பு ஒன்று, இரு வகை வரி முடிவுகளும் 26 என்ற பைட்டும் கலந்த கோப்பு ஒன்று, தமிழ்ப் பெயருள்ள கோப்பு ஒன்று என நிரலோடு சேர்த்து வைத்து, மூன்று இயங்குதளங்களிலும் சோதனையை ஓட்டுங்கள். நிரலின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் மென்பொருளின் களஞ்சியத்தில் அவற்றைப் பைனரி என்று கிட்-ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸில் எடுக்கும்போது கிட் மென்பொருளே வரி முடிவுகளை மாற்றி, சரியான நிரலையும் சோதனையில் தோற்கடித்துவிடக்கூடும்.