பனிக்கால சைக்கிள்: அகல டயரை நம்பி ஏமாறாதீர்கள்

பனிக்காலத்துக்கென்று சைக்கிள் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பலர், நான்கு அங்குல டயர் பூட்டிய ‘ஃபேட் பைக்’கைக் கண்டதும் மயங்கிவிடுகிறார்கள். பொழிந்து கிடக்கும் பனி வேறு, உறைந்த பனிக்கட்டி வேறு. அகல டயர் ஆழமான பனியில் புதையாமல் காப்பாற்றும். கட்டியாக உறைந்த தெருவிலோ, வெறும் ரப்பர் எவ்வளவு அகலமாக இருந்தாலும் வழுக்கும். அங்கே பிடி கொடுப்பவை டயரில் பதித்த ஆணிகள்தான். டங்ஸ்டன் கார்பைடு முனை உள்ளவற்றையே கேட்டு வாங்குங்கள். சாதாரண எஃகு ஆணிகள் தார்ச்சாலையில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பின்லாந்தின் ஓலு நகரில் ஆணி டயர் இல்லாமலே பலர் ஓட்டுகிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். அங்கே குளிர் வாரக்கணக்கில் பூச்சியத்துக்குக் கீழேயே நிற்கும். சைக்கிள் பாதையில் பனியை அடியோடு வழிக்காமல், இறுக்கிச் சொரசொரப்பாக விட்டுவைக்கிறார்கள். பகலில் உருகி இரவில் உறையும் டொராண்டோ போன்ற ஊர்களில் இருப்பவர்கள் ஓலுவைப் பார்த்து முடிவெடுத்தால் எலும்புதான் முறியும்.

செலவைக் குறைக்க ஒரே ஒரு ஆணி டயர் வாங்கி, மிதிவிசை போகும் பின்சக்கரத்தில் மாட்டுகிறவர்களும் உண்டு. பின்சக்கரம் சறுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் சறுக்கினால் காலை ஊன்றக்கூட நேரம் கிடைக்காது. ஒன்றுதான் முடியும் என்றால் அது முன்னால் இருக்கட்டும். மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே ஆணி உரசாத அளவு இடைவெளி இருக்கிறதா என்பதையும் வாங்கும் முன்பே பாருங்கள். புதிய ஆணிகள் டயரில் நன்றாகப் பதிய, முதல் 40 கிலோமீட்டர் வரை வேகமாக மிதிக்காமலும் அழுத்திப் பிரேக் பிடிக்காமலும் தார்ச்சாலையில் ஓட்டச் சொல்கிறது டயர் தயாரிக்கும் ஸ்வால்பே நிறுவனம்.

காற்று விஷயத்தில் அநேகமாக எல்லோருமே கோட்டைவிடுகிறார்கள். 20 டிகிரி வெப்பமுள்ள வீட்டுக்குள் 4 பார் (காற்றழுத்த அலகு) அடித்த டயர், வெளியே மைனஸ் 10 டிகிரியில் ஏறக்குறைய 3.5 பாருக்கு இறங்கிவிடும். 0.6 பார் மட்டுமே அடிக்கும் ஃபேட் பைக்கில் கால் பங்குக்கு மேல் காணாமல் போகும். ஆகவே குளிரில் வைத்தே அளந்து அடிப்பது நல்லது.

சாலையில் உப்புத் தூவும் ஊரில் விலையுயர்ந்த சைக்கிளை இறக்குவது வீண். செயினும் பற்சக்கரங்களும் துருப்பிடித்துவிடும். சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே கியர் அடங்கிய பழைய சைக்கிள் ஒன்று போதும். அதையும் சூடான அறையில் நிறுத்தி, ஈரம் காயும் முன் வெளியே எடுக்காதீர்கள்: கேபிளுக்குள் இறங்கிய நீர் உறைந்தால் பிரேக் பிடிக்காது.