இருவர் மட்டுமே உள்ள பரிசோதனை ராக் குழு: ஒலிப்பதிவும் மேடையும்

பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் மட்டும் கொண்டு, வழக்கமான பாட்டமைப்பை மீறிப் புதிய ஒலிகளைத் தேடும் பரிசோதனை ராக் இசைக்க முனையும் இருவர், மூன்றாவது ஆள் இல்லாத இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதை ஒலிப்பதிவுக்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். பதிவில் தனித்தனியாக வாசித்த பத்துத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு இரண்டு கருவிகளோடு வந்து நிற்பவர்களின் பாட்டு, மேடையில் பாதியாகச் சுருங்கிவிடும். ஆகவே இருவரும் ஒரே நேரத்தில் வாசிக்கக்கூடியதை மட்டுமே பதிவு செய்வது என்று விதித்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவின் ராட் ஐலண்டில் 1994-இல் தொடங்கிய லைட்னிங் போல்ட் என்ற ராக் குழுவின் பேஸ் கலைஞர் பிரையன் கிப்சன், தமது பேஸ் கிட்டாரைச் செல்லோவின் சுருதி வரிசையில் கூட்டி, உச்சத் தந்தியாகப் பாஞ்சோ கம்பியைப் பூட்டியதால், ஒரே கருவியில் அடித்தளமும் மேல்மெட்டும் அவருக்குக் கிடைத்தன. நெல்லைச் சீமையில் இந்த உத்தி அந்நியமானதன்று. சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்தின் மகுடம் எனும் இரண்டு பறைகளும் உச்சம், மந்தம் என்று பிரிந்து பேசுவதைக் கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

கிட்டாரிலிருந்து வரும் கேபிளை இரு கிளையாகப் பிரித்து, ஒன்றை எதுவும் சேர்க்காமல் பேஸ் ஆம்ப்புக்கும் (ஒலியைப் பெருக்கும் பெட்டி), மற்றொன்றை ஸ்தாயியை மாற்றும் ஆக்டேவ், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல்கள் வழியாகக் கிட்டார் ஆம்ப்புக்கும் அனுப்புங்கள். இரண்டாவது கிளையில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டிவிட வேண்டும். அடிஒலி டிஸ்டார்ஷனுக்குள் புகுந்தால் முழக்கம் அதிகமாவதில்லை, கலங்கலே மிஞ்சும். வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப் பெடலைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது: டிரம்ஸ் வாசிப்பவர் அதைத் தெளிவாகக் கேட்க வழியில்லாத மேடையில் அதைத் தொடவே கூடாது.

பதிவுக்கு நாள் குறிக்கும்போது பருவத்தையும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் மேல்காற்று சன்னல்களை அறைந்துகொண்டிருக்கும்; ஐப்பசி, கார்த்திகையில் தகரக் கூரை மேல் விழும் மழை அப்படியே மைக்கில் இறங்கும்; மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கிவிடும். தையும் மாசியும் வசதியானவை. அறைச் சுவரில் பத்தமடைப் பாய் தொங்கவிட்டால் பார்வைக்கு அழகாக இருக்கும், ஆனால் மெல்லிய கோரைப்பாய் உச்ச ஒலியைக் கொஞ்சம் தணிக்குமே தவிர பேஸ் ஒலியை ஒன்றும் செய்யாது. தடித்த இலவம்பஞ்சு மெத்தைகளை மூலைகளில், சுவரை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்துவதே ஓரளவு பலன் தரும்.

டிரம்ஸுக்கு மூன்று மைக் போதும். ஒலிப்பதிவுப் பொறியாளர் க்ளின் ஜான்ஸ் வழக்கப்படுத்திய முறைப்படி, ஒன்றைக் காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்முக்கு முன்னும், ஒன்றைச் சலசலக்கும் சிறு டிரம்மான ஸ்னேருக்கு மேலேயும், மற்றொன்றைத் தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் பக்கத்திலும் வைத்து, பின்னிரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்து அளந்துகொள்ள வேண்டும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிவினாடி ஆகிறது. தூரம் வேறுபட்டால் ஒரே அடி இரு மைக்கிலும் வெவ்வேறு கணத்தில் விழுந்து, கலக்கும்போது ஸ்னேர் மெலிந்துவிடும். ஆம்ப் ஒவ்வொன்றுக்கும் ஒரு மைக் வைத்து, 24 பிட் நுணுக்கத்தில், உச்ச அளவு மைனஸ் 10 டெசிபெல்லை (பதிவின் வரம்புக்கு 10 டெசிபெல் கீழே) தாண்டாமல், இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி சேர்ந்தே வாசியுங்கள்.

மேடை நிகழ்ச்சிக்கு முதலில் மைக்செட்காரரிடம்தான் பேச வேண்டும். கொடை விழாக்களுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர்கள் பேச்சைத் தொலைதூரம் கொண்டுபோகும், பேஸ் ஒலியை விழுங்கிவிடும். பெட்டி ஸ்பீக்கரும் சப்வூஃபரும் வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். லைட்னிங் போல்ட் பல காலம் செய்ததுபோல் மேடையை விட்டிறங்கித் தரையில், கூட்டத்தின் நடுவே வாசிப்பதானால், பாடும் மைக் ஸ்பீக்கருக்கு முன்னால் வந்து வீறிடாதபடி ஸ்பீக்கர்களை வெளிப்புறம் திருப்பி வைப்பதும், டிரம்ஸ் நகராமலிருக்கக் கனத்த சமுக்காளம் விரிப்பதும் அவசியம்.

ஆம்ப்புகள் யாவும் எர்த் சரியாக உள்ள ஒரே இணைப்பிலிருந்து மின்சாரம் பெற வேண்டும். இரைச்சலைப் போக்குவதற்காக எர்த் பின்னை உடைத்துவிடும் வழக்கம் உயிருக்கே ஆபத்தானது, ஏனெனில் கை தந்தியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது கசியும் மின்சாரம் உடல் வழியாகவே பாயும்; அந்த வேலைக்கு, கருவியின் ஒலியை நேராக மிக்சருக்கு அனுப்பும் டி.ஐ. பாக்ஸில் உள்ள, ஒலிக் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானே போதும். ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை இருப்பதால், ஒலிச் சோதனையை மாலையிலேயே முடித்துவிட்டு, அதிக சத்தமுள்ள பாட்டைக் கடைசிக்கு வைக்காமல் நடுவிலேயே வாசித்துவிடுங்கள்.